பலூனுக்கோ ஹீலியம்?

பிள்ளையின் பிறந்த நாளென்றால் பலூன். கடை திறப்பென்றால் பலூன். திருமண மண்டப வாயிலிலும் பலூன்! வாயால் ஊதிய பலூனன்று; நூலை விட்டால் வானேறும் பலூன். அதனுள் அடைபட்டிருப்பது ஹீலியம் என்னும் வாயு. ஒரு மாலை நேரக் கேளிக்கைக்காக நாம் அழிப்பது யாதென எவரேனும் எண்ணிப் பார்த்ததுண்டா?

1868-ஆம் ஆண்டு ஆகஸ்ட் 18-ஆம் நாள் முழுச் சூரிய கிரகணத்தை, அந்நாளைய சென்னை மாகாணத்துக் குண்டூரிலிருந்து ஆராய்ந்தார் பிரெஞ்சு அறிஞர் ழான்ஸன். அவ்வாண்டிலேயே இங்கிலாந்தில் லாக்கியர் சூரிய ஒளியிற் கண்ட மஞ்சட் கோடு, அறிந்த தனிமம் எதற்கும் பொருந்தவில்லை. சூரியனைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லால் அப்புதிய தனிமத்திற்கு ஹீலியம் எனப் பெயரிட்டனர். 1895-இல் ராம்ஸே அதனைப் பூமியிலேயே பிரித்தெடுத்தார்.

யுரேனியமும் தோரியமும் நிலத்தினடியிற் கோடிக்கணக்கான ஆண்டுகள் சிதைந்து ஈன்ற செல்வம் இது. எரிவாயுக் கிணறுகளிலிருந்து பிரித்தெடுக்கலாமேயன்றி, வேண்டிய அளவு ஆலையிற் செய்துகொள்ள இயலாது. வெளியே விட்டாலோ, பத்து லட்சம் பங்குக் காற்றில் ஏறக்குறைய ஐந்தே பங்காய்க் கலந்து, நாளடைவில் பூமியை விட்டே நீங்குகின்றது. கடலிற் கரைத்த பெருங்காயத்தை மீட்க வல்லார் யார்?

திரவ ஹீலியத்தின் குளிர் பூஜ்யத்திற்குக் கீழே 269 பாகை. நோயாளியின் மூளையையும் முதுகெலும்பையும் அறுக்காமலே காட்டும் எம்.ஆர்.ஐ. இயந்திரங்களிற் பெரும்பாலானவற்றின் காந்தத்தைக் காப்பது அக்குளிரே. கணினிச் சில்லு, ஒளியிழை, ராக்கெட் ஆகிய தொழில்களுக்கும் ஹீலியம் வேண்டும்.

“பலூனுக்குப் போவது சிறு பங்கே, அதுவும் தூய்மை குறைந்ததே” என்று வாதிடுவோர் உளர். தூய்மை குறைந்ததைத் தூய்மை செய்யலாம்; பறந்து போனதை என் செய்வது? சிறு துளைதானே என்று எவரும் படகை அடைக்காது விடுவரோ?

அமெரிக்க அரசு 1925-இல் தொடங்கிய சேமிப்பை விற்றுத் தீர்க்க 1996-இல் சட்டம் செய்தது. அவ்வாண்டே நோபல் பரிசு பெற்ற ரிச்சர்ட்ஸன், ஒரு பலூனுக்கு நூறு டாலர் விலை இருத்தல் வேண்டுமென 2010-இல் இடித்துரைத்தார். அரும்பொருள் மலிவாய்க் கிடைப்பின் அதன் அருமையை அறிவார் யார்?

குழந்தைகளின் களிப்பை நாம் வெறுப்போமல்லோம். வாயால் ஊதிய பலூனும் வண்ணக் காகிதத் தோரணமும் அவர்களை மகிழ்விக்கப் போதா எனல் பொய். விற்பவர் விற்பர், வாங்குவோர் நாமன்றோ? அரசாங்கம் தடை செய்யட்டும் என்று காத்திராமல், அடுத்த விழாவிலேயே இவ்வீண் செலவை ஒழிப்போம். கண் கெட்ட பின் சூரிய நமஸ்காரம் செய்து பயனென்ன?