உழைச்செல்வார் கடன்

தேனியிலிருந்து கம்பம் செல்லும் பெருவழியில், முல்லையாற்றங்கரையில் அமைந்த ஊர் வீரபாண்டி. அங்குள்ள கௌமாரியம்மன் கோயிலில் சித்திரைத் திங்களில் பெருவிழா நடைபெறும். விழாவிற்கு முன்னர்க் கோயிலில் கம்பம் நடுவர். அடியார்கள் ஆற்றுநீரை முகந்து வந்து நாள்தோறும் அதற்கு வார்ப்பர். நோன்பு ஏற்றோர் அந்நாள்களில் மதுவைத் தீண்டுதல் மரபன்று.

குடிப்பழக்கம் உடையோரும் நோன்பின் பொருட்டு அதனை விட்டிருத்தல் உண்டு. ஆயின், நோன்பு முடிந்ததும் சிலர் பழைய வழிக்கே திரும்புவர். அதுகண்டு, "இவன் மனவுறுதி அற்றவன்" என்று ஊரார் இகழ்வர். இவ்விகழ்ச்சி முறையன்று. நெடுங்காலம் மிகுதியாகக் குடித்தவனது உடலும் மூளையும் மதுவிற்குப் பழகிவிடுகின்றன. அதனைத் திடீரென நிறுத்தின், இரண்டு மூன்று நாள்களுக்குள் கைந்நடுக்கமும் உறக்கமின்மையும் தோன்றும். சிலருக்கு வலிப்பும் மனக்குழப்பமும் நேர்ந்து, உயிருக்கே ஊறு விளையும். ஆதலின், குடியை விட விழைவோன் முதற்கண் நாட வேண்டியவர் மருத்துவரே.

தேனி மாவட்டத்தார்க்குக் க.விலக்கில் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை உள்ளது. வலிப்பு முதலிய கொடுந்துன்பம் உடையோர் மருத்துவமனையில் தங்கியே சிகிச்சை பெறுதல் வேண்டும். ஏனையோருள் பலர் புறநோயாளராய்ச் சென்று, வீட்டிலிருந்தபடியே நலம் பெறலாம். நடுக்கம் தணிக்கும் மருந்தையும், குடியால் குறைந்துபோகும் தயமின் என்னும் உயிர்ச்சத்தையும் மருத்துவர் அளிப்பர்.

திருக்குறளில் 'மருந்து' என்பது 95ஆம் அதிகாரம். அதில் வள்ளுவர் நோயுற்றவன், மருத்துவன், மருந்து, உழைச்செல்வான் என மருத்துவத்தை நான்காகப் பகுக்கின்றார். உழைச்செல்வான் என்பான் நோயாளியின் அருகிருந்து துணைபுரிபவன். மருத்துவமனையில் அப்பணியைச் செவிலியர் ஆற்றுவர். புறநோயாளனுக்கோ வீட்டாரும் அயலாருமே உழைச்செல்வார் ஆவர். உரிய வேளையில் மருந்து உண்ணச் செய்தலும், குறித்த நாளில் மருத்துவரிடம் அழைத்துச் செல்லுதலும், குடிக்க அழைக்கும் நண்பரை விலக்குதலும் அவர்தம் கடன். அவனறியாமல் உணவில் மருந்து கலத்தல் மட்டும் ஆகாது. மதுவை வெறுக்கச் செய்யும் மருந்தை உண்டவன் அஃதறியாது குடித்துவிடின் உயிருக்கு இடர் நேரும்.

குடிநோய்க்குத் தம் கணவரை இழந்த சாந்தி ரங்கநாதன் என்னும் அம்மையார், 1980ஆம் ஆண்டில் சென்னையில் அந்நோய் தீர்க்கும் நிறுவனம் ஒன்றைத் தோற்றுவித்தார். பின்னர் மஞ்சக்குடி முதலிய சிற்றூர்களிலும் ஊரார் துணையோடு சிகிச்சை முகாம்கள் நடைபெற்றன. தம் துயரைப் பிறர் துயர் துடைக்கும் அறமாக மாற்றிய பெருமை அவரைச் சாரும்.

"குடித்துவிட்டு மனைவியையும் மக்களையும் வருத்துபவனுக்கும் இரக்கமா?" என்று சிலர் வினவுவர். அவன் செய்யும் கொடுமையைப் பொறுத்தல் இரக்கமன்று; குடிக்கப் பொருள் கொடுத்தலும் இரக்கமன்று. கொடுமையைத் தடுத்து, நோய்க்கு மருந்து தேடுதலே இரக்கமாகும். நீரிழிவு உடையவன் ஒருநாள் இனிப்பை உண்டுவிடின், அவனை எவரும் கைவிடுவதில்லை. மீண்டும் மருத்துவரிடமே அழைத்துச் செல்கின்றனர். குடிநோயாளன் தவறி வீழினும் செய்யத்தக்கது அதுவேயன்றோ?

கம்பத்திற்கு ஒருநாள் நீர் வார்த்ததோடு அடியார்கள் அமைவதில்லை. மறுநாளும் குடம் ஏந்தி வருகின்றனர். குடிநோயாளன்பால் சுற்றத்தார் காட்டும் துணையும் அவ்வாறு நாள்தோறும் தொடர்தல் வேண்டும்.