ஒவ்வொரு முடியாக

இந்த வாரம் புதிதாக வந்த ஓர் ஓநாய் மனிதன் படத்தைப் பார்த்தேன். பௌர்ணமி வந்தது, நாயகன் முனகினான், சட்டென்று திரை முழுக்க இருட்டு. விடிந்தபோது கிராஃபிக்ஸ் மிருகம் ஒன்று சுவர் ஏறிக்கொண்டிருந்தது. உருமாற்றத்தைக் காட்டாமல் ஓநாய் மனிதன் படம் எதற்கு? இருட்டுக்குள் ஒளிந்துகொள்ளும் படங்கள் மீது எனக்குள்ள ஆத்திரம் இந்தப் பக்கத்தைத் தொடர்ந்து படிப்பவர்களுக்குத் தெரியும். இந்த முறை அது தலைக்கேறிவிட்டது.

ஜான் லாண்டிஸ் 1981இல் எடுத்த ‘ஆன் அமெரிக்கன் வேர்வுல்ஃப் இன் லண்டன்’ படத்தைப் பாருங்கள். ஒரு வீட்டுக் கூடம், பளிச்சென்ற விளக்கு வெளிச்சம். டேவிட் நாட்டன் துணியைக் கிழித்தெறிந்து அலறுகிறார். உள்ளங்கை நீள்கிறது, முதுகுத் தோலுக்கு அடியில் எலும்பு நகர்கிறது, முகம் முன்னே தள்ளிக்கொண்டு வருகிறது. அத்தனையும் கேமரா முன்னால் நடந்தவை. மேக்கப் கலைஞர் ரிக் பேக்கர் நடிகரின் முகத்தை அச்செடுத்து, உள்ளிருந்து தள்ளினால் தோல் இழுபடும் பொய்த் தலைகளைச் செய்தார். முடி முளைக்கும் ஷாட் இருக்கிறதே, அது அபாரம்! பொய்த் தோலில் செருகிய முடியை உள்ளே இழுத்துப் படம்பிடித்து, ஃபிலிமைத் தலைகீழாக ஓட்டியிருக்கிறார்கள். சிறந்த மேக்கப்புக்கென ஆஸ்கரில் தனிப் பிரிவு தொடங்கியதும் முதல் விருது பேக்கருக்குத்தான் போனது.

பேக்கரை நினைத்தால் ஜாக் பியர்ஸை நினைக்காமல் இருக்க முடிவதில்லை. கிரேக்கத்திலிருந்து வந்தவர். யுனிவர்சல் ஸ்டுடியோவின் மேக்கப் தலைவர். 1931 ‘ஃபிராங்கன்ஸ்டைன்’ படத்தில் போரிஸ் கார்லாஃபுக்கு அந்தத் தட்டைத் தலையைக் கொடுத்தவர். 1941இல் ‘தி வுல்ஃப் மேன்’ படத்துக்காக லான் சேனி ஜூனியரின் முகத்தில் யாக் மாட்டின் முடியைக் கொத்துக் கொத்தாகப் பசை வைத்து ஒட்டினார். ஒட்டியதைச் சூட்டுக்கோலால் கருக்கினார். மணிக்கணக்கான வேலை. படப்பிடிப்பு முடிந்ததும் பிய்த்தெடுத்துவிட்டு, மறுநாள் முதலிலிருந்து. அந்தப் படத்தில் மனிதன் ஓநாயாகும்போது கால்களை மட்டும்தான் பார்க்கிறோம். ஆனாலும் ஓநாய் மனிதன் என்றால் இன்றுவரை உலகம் நினைப்பது பியர்ஸ் செய்த முகத்தைத்தான்.

பிறகு நுரை ரப்பர் வந்தது. அச்சில் வார்த்து ஒட்டினால் வேலை சீக்கிரம் முடியும், செலவும் குறைவு. பியர்ஸ் கைவேலையை விடவில்லை. 1940களின் நடுவில், கிட்டத்தட்ட இருபது வருடங்கள் உழைத்தவரை ஸ்டுடியோ அனுப்பிவிட்டது. கடைசிக் காலத்தில் பேசும் குதிரையைப் பற்றிய ‘மிஸ்டர் எட்’ தொலைக்காட்சித் தொடருக்கு மேக்கப் போட்டார். 1968இல் இறந்தார். இதை எப்போது நினைத்தாலும் எனக்கு நெஞ்சு கொதிக்கிறது.

அதே யுனிவர்சல் 2010இல் ‘தி வுல்ஃப்மேன்’ என்று மறுபடி எடுத்தது. சிறு வயதிலிருந்தே பியர்ஸை ஆராதித்த பேக்கர், பெனிசியோ டெல் டோரோவின் முகத்தில் அந்தப் பழைய ஓநாயை மீட்டுக் கொண்டுவந்தார். டேவ் எல்சியோடு சேர்ந்து ஆஸ்கரும் வாங்கினார். ஆனால் உருமாறும் காட்சிகளை அவரிடம் கொடுக்காமல் கம்ப்யூட்டரிடம் கொடுத்துவிட்டார்கள். லண்டன் கூடத்தில் அந்த அற்புதத்தைச் செய்து காட்டிய மனிதரிடம்! அந்தப் படத்தை நான் டெல் டோரோவின் முகத்துக்காகத்தான் பார்க்கிறேன். உருமாறும் இடம் வந்தால் ஓட்டிவிடுகிறேன்.