ஸ்டீயரிங் லாக் ஆகி கார் ஸ்டார்ட் ஆகலையா? டோ வண்டியைக் கூப்பிடும் முன் இதைப் படிங்க!

காலை 8.30. ஆபீஸுக்கு லேட். அபார்ட்மென்ட் பார்க்கிங்கில் பிரேக்கை மிதித்து ஸ்டார்ட் பட்டனை அழுத்தினேன். டேஷ்போர்டில் ஸ்டீயரிங் லாக் எச்சரிக்கை மின்னியது. இன்ஜின் அசையவே இல்லை. சர்வீஸ் சென்டருக்கு போன் போட்டால், "லாக் யூனிட் போயிருக்கும் சார், முழுசா மாத்தணும், டோ பண்ணிக் கொண்டு வாங்க" என்றார்கள். வண்டியைப் பார்க்காமலேயே! கடைசியில் பிரச்னை என்ன தெரியுமா? பேட்டரி வீக். அவ்வளவுதான்.

பட்டன் ஸ்டார்ட் கார்கள் பலவற்றில் ஸ்டீயரிங்கைப் பூட்டித் திறப்பது ஒரு குட்டி மோட்டார். உங்கள் சாவியை கார் அடையாளம் கண்டதும், மோட்டார் பூட்டுக் கம்பியைப் பின்னால் இழுக்கும். 'திறந்தாச்சு' என்று சென்சார் உறுதி செய்தால்தான் இன்ஜினுக்கு அனுமதி. ஸ்டீயரிங் பூட்டியபடி கார் நகர்ந்துவிடக் கூடாது என்பதற்கான ஏற்பாடு இது. நல்லதுதான். ஆனால், இந்தச் சங்கிலியில் எது சொதப்பினாலும் கார் நின்ற இடத்திலேயே நிற்கும்.

அதனால், முதலில் இந்த மூன்றையும் பாருங்க.

ஸ்டீயரிங்: சக்கரம் திரும்பிய நிலையில் நிறுத்தியிருந்தால், பூட்டுக் கம்பி இறுகிப் பிடித்துக்கொள்ளும். ஸ்டீயரிங்கை இடது, வலதாக மெதுவாக அசைத்துக்கொண்டே பட்டனை அழுத்துங்க.

பேட்டரி: விளக்குகள் மங்கலாக எரிகிறதா? முழு சார்ஜில் இருக்கும் பேட்டரி சுமார் 12.6 வோல்ட் காட்டும். 12-க்குக் கீழே போனால் கிட்டத்தட்ட காலி. ஜம்ப் ஸ்டார்ட் செய்து பாருங்க.

சாவி: அதன் உள்ளே இருக்கும் சின்ன பேட்டரி தீர்ந்திருக்கலாம். பல கார்களில் சாவியை ஸ்டார்ட் பட்டனை ஒட்டி வைத்து அழுத்தினால் வேலை செய்யும். சரியான இடம் மேனுவலில் இருக்கும்.

இதற்கும் மசியவில்லை என்றால் மோட்டார், சென்சார், வயரிங் என ஏதோ ஒன்றில் கோளாறு. அது மெக்கானிக் வேலை. பூட்டைத் தட்டுவது, வயரை மாற்றிக் கொடுத்து ஏமாற்றுவதெல்லாம் வேண்டவே வேண்டாம். ஓடும்போது ஸ்டீயரிங் பூட்டிக்கொண்டால் உயிருக்கே ஆபத்து.

இதில் எல்லாமே ஓட்டுபவர் தப்பும் இல்லை. 1997 முதல் 2004 வரையிலான மாடல் கார்வெட் கார்களை, ஸ்டீயரிங் பூட்டுக் கோளாறுக்காக ஜெனரல் மோட்டார்ஸ் நிறுவனமே 2004-ல் அமெரிக்காவில் திரும்ப அழைத்தது. தயாரிப்பிலேயே தவறு இருக்கலாம் என்பதற்கு அது சாட்சி.

என் ஆதங்கம் பில் பற்றியது. ஒரு சின்ன சுவிட்ச் போனாலும் பெரும்பாலும் மொத்த யூனிட்டையும் மாற்றச் சொல்கிறார்கள். புது யூனிட்டை காரின் கம்ப்யூட்டரோடு இணைக்கும் வேலைக்கும் தனிக் கட்டணம். பழுதுபார்க்கும் உரிமைக்காக மத்திய அரசு 2022-ல் தொடங்கிய இணையதளத்தில் ஆட்டோமொபைல் துறையும் இருக்கிறது. ஆனால், உதிரி பாகமும் பழுது பற்றிய தகவலும் வெளி மெக்கானிக் கைக்கும் போனால்தான் அந்த உரிமைக்கு அர்த்தம்.

அதுவரை சம்மதம் சொல்லும் முன் இரண்டே கேள்வி கேளுங்க: "எந்த பாகம் போச்சு? எப்படிக் கண்டுபிடிச்சீங்க?" ஸ்கேன் ரிப்போர்ட்டையும் காட்டச் சொல்லுங்க. கூச்சமே வேண்டாம், காசு நம்மளோடது.