பதினொருவர் ஆட்டம், பத்துப் பேருக்கு ஊதியம்

பெங்களூரு கண்டீரவா அரங்கில் 2023 மார்ச் 3 அன்று நடைபெற்ற ஐஎஸ்எல் ஆட்டத்தின் கூடுதல் நேரத்தில், சுனில் சேத்ரி விரைந்து அடித்த ஃப்ரீ கிக் கோலாயிற்று. அதை ஏற்க மறுத்த கேரளா பிளாஸ்டர்ஸ் அணியினர் களத்தைவிட்டு வெளியேறினர். அகில இந்திய கால்பந்து சம்மேளனம் அந்த அணிக்கு 4 கோடி ரூபாய் அபராதம் விதித்தது. மேல்முறையீடு தள்ளுபடியானதும், ஜூன் மாதத்தில், அந்த நிர்வாகம் தன் பெண்கள் அணியைத் தற்காலிகமாக நிறுத்திவைப்பதாக அறிவித்தது. அபராதச் சுமையே அதற்குக் காரணமாகக் கூறப்பட்டது. மார்ச் 3 இரவு கண்டீரவா களத்தில் ஆடிய இரு அணிகளிலும் ஒரு பெண்கூட இல்லை. ஆயினும் தண்டனை அவர்களையே சென்றடைந்தது.

இந்நிகழ்வை மனத்தில் இருத்திக்கொண்டே லோய்தோங்பம் ஆஷாலதா தேவியின் விளையாட்டு வாழ்க்கையை நோக்க வேண்டும். மணிப்பூரின் இம்பாலில் 1993இல் பிறந்தவர், பின்கள வீராங்கனை, இந்திய அணியின் தலைவராக நெடுநாள் இருந்தவர். 2024 அக்டோபரில் காத்மாண்டுவில் பாகிஸ்தானுக்கு எதிராக ஆடியபோது, நூறு சர்வதேச ஆட்டங்களைக் கண்ட முதல் இந்தியப் பெண் என்னும் நிலையை எய்தினார். மாலத்தீவின் நியூ ரேடியண்ட், மதுரையின் சேது, கேரளத்தின் கோகுலம், கொல்கத்தாவின் ஈஸ்ட் பெங்கால் என்று அவர் ஆடிய அணிகளின் பெயர்களே ஒரு பயணக் குறிப்பாகத் தோன்றும். அரணுக்கெனத் தனி அதிகாரமே வகுத்தவர் வள்ளுவர். கோல் அடிப்பவருக்குக் கிட்டும் புகழில் பாதிகூட அரணாக நிற்பவருக்குக் கிட்டுவதில்லை என்பது கால்பந்தின் பழைய வழக்கம். அது ஒருபுறம் இருக்கட்டும்.

முதலாளித்துவ ஊடகங்கள் இத்தகைய வாழ்க்கையை 'பல அணிகள் கண்ட அனுபவம்' என்று பாராட்டுகின்றன. விரும்பிய இடத்திற்குச் செல்லும் தொழில்முறைச் சுதந்திரம் என்பது அவர்களுடைய விளக்கம். அந்தச் சுதந்திரத்தின் கால அளவு என்ன? 2019ஆம் ஆண்டின் இந்தியப் பெண்கள் லீக் லூதியானா என்னும் ஒரே நகரில் மே 5 முதல் 22 வரை நடந்து முடிந்துவிட்டது. சேது அணி கோப்பையை வென்ற அந்த லீக்கின் ஆயுள் பதினெட்டு நாட்கள். அடுத்த லீக்கின் இறுதிக் கட்டம் பெங்களூரு கால்பந்து அரங்கில் 2020 ஜனவரி 24இல் தொடங்கி பிப்ரவரி 14இல் முடிந்தது. அதற்கடுத்த ஆண்டு லீக்கே இல்லை. கொரோனா காரணம் காட்டப்பட்டது. அதே பருவத்தில் ஆண்களின் ஐஎஸ்எல் கோவாவில் உயிர்க்குமிழி அமைத்து முழுமையாக நடத்தப்பட்டது. சொந்த ஊரிலும் எதிரணியின் ஊரிலுமாக ஆடும் முறை பெண்கள் லீக்கிற்கு 2023 டிசம்பரில்தான் வாய்த்தது.

மூன்று வாரம் வேலை, பிறகு கலைந்து செல்லுதல், மறு ஆண்டு வேறொருவரிடம் வேலை. கரும்பு வெட்டச் செல்வோரும் செங்கல் சூளைக்குச் செல்வோரும் இவ்வாறுதான் ஊர் ஊராகச் செல்கின்றனர். அவர்களை எவரும் அனுபவம் மிக்க பயணிகள் என்று புகழ்வதில்லை. பருவகாலப் புலம்பெயர் தொழிலாளர் என்றே அழைக்கின்றனர். 2022 மே 26 அன்று புவனேஸ்வரில், ஆஷாலதா தம் பழைய அணியான சேதுவுக்கு எதிராகவே பெனால்டியில் கோல் அடித்தார். கோகுலம் 3–1 என்று வென்று பட்டத்தைத் தக்கவைத்தது. அது ஒரு வீராங்கனையின் உறுதி. அந்த உறுதிக்கு ஈடாக நிர்வாகங்கள் திருப்பித் தந்தது என்ன என்பதே இங்கு எழும் கேள்வி.

அதே 2022இல் நிகழ்ந்தவற்றைப் பாருங்கள். ஜனவரியில் ஆசியக் கோப்பை இந்திய மண்ணில் நடந்தது. உலகக் கோப்பைக்கான வாயில் அதுவே. ஆஷாலதா தலைமையிலான அணி ஈரானுடன் கோலின்றிச் சமன் செய்தது. மூன்று நாட்களில், பாதுகாப்பு வளையத்திற்குள்ளேயே கொரோனா பரவியதால், சீன தைபே அணிக்கு எதிராகப் பதின்மூன்று பேரை நிறுத்த இயலவில்லை. போட்டியிலிருந்து விலகியதாகக் கணக்கெழுதி முடித்துவிட்டார்கள். ஆகஸ்டில் ஆசிய கிளப் போட்டிக்காக கோகுலம் பெண்கள் அணி உஸ்பெகிஸ்தானுக்குச் சென்றது. தாஷ்கண்டில் இறங்கியபோது, இந்திய சம்மேளனத்தை ஃபிஃபா இடைநீக்கம் செய்த செய்தி காத்திருந்தது. பதவிக்காலம் 2020 டிசம்பரில் முடிந்த பின்னும் பிரஃபுல் படேல் நாற்காலியை விடாததில் தொடங்கிய சிக்கல் அது. உச்சநீதிமன்றம் நிர்வாகக் குழு அமைக்கும் வரை சென்று, இடைநீக்கத்தில் முடிந்தது. ஆகஸ்ட் 26இல் தடை நீங்கியது. அதற்குள் கோகுலத்தின் வாய்ப்பு போய்விட்டது. செப்டம்பர் 2இல் நடந்த தேர்தலில் பாஜகவின் கல்யாண் சௌபே, முன்னாள் இந்திய அணித் தலைவர் பாய்ச்சுங் பூட்டியாவை 33–1 என்று வீழ்த்தித் தலைவரானார். ஆளும் வர்க்கக் கட்சிகளிடையே நாற்காலி கைமாறியது, அவ்வளவே.

மணிப்பூர் இல்லையேல் இந்தியப் பெண்கள் கால்பந்து இல்லை என்பதை எவரும் மறுக்கமாட்டார். அந்த மணிப்பூர் 2023 மே 3 முதல் எரிந்தது. பிரதமர் வாய் திறந்தது ஜூலை 20இல். பதக்கம் பெறும் நாளில் இவர்களை 'தேசத்தின் மகள்கள்' என்று கொண்டாடுவோருக்கு, மகள்களின் வீடுகள் இருக்கும் மாநிலம் நினைவுக்கு வர எழுபத்தெட்டு நாட்கள் தேவைப்பட்டன.

பெண்கள் ஆட்டத்திற்குச் சந்தை இல்லை, பார்வையாளர் இல்லை என்பது வழமையான மறுமொழி. வரலாறு அதை ஏற்கவில்லை. பிரெஸ்டன் நகரின் டிக், கெர் ஆலைத் தொழிலாளப் பெண்களின் அணி 1920 டிசம்பர் 26 அன்று லிவர்பூலில் ஆடியபோது 53,000 பேர் திரண்டனர். மறு ஆண்டு, கதவடைப்புக்கு ஆளான சுரங்கத் தொழிலாளர் குடும்பங்களுக்காகவும் பெண்கள் அணிகள் ஆடி நிதி திரட்டின. 1921 டிசம்பர் 5இல் ஆங்கிலக் கால்பந்துச் சங்கம் தன் மைதானங்களில் பெண்கள் ஆடுவதைத் தடை செய்தது. அத்தடை ஏறத்தாழ அரை நூற்றாண்டு நீடித்தது. சந்தை இருந்தது, அதை மூடியவர்கள் நிர்வாகிகள். இந்தியாவிலும் 1975இல் உருவான பெண்கள் கால்பந்து சம்மேளனத்தின் அணி, கோழிக்கோட்டில் நடந்த ஆசியப் போட்டியில் இரண்டாமிடம் பெற்றது. அப்போது ரிலையன்ஸும் இல்லை, ஐஎஸ்எல்லும் இல்லை.

2010இல் ஐஎம்ஜி–ரிலையன்ஸுடன் 15 ஆண்டுகளுக்கு 700 கோடி ரூபாய் ஒப்பந்தம் போட்டு, இந்தியக் கால்பந்தின் வணிக உரிமைகளைச் சம்மேளனம் ஒப்படைத்தது. அதன் முடிவு நெருங்கியபோது, 2025 ஜூலையில், ஐஎஸ்எல்லே நிறுத்திவைக்கப்பட்டது. அதே மாதம் 5ஆம் தேதி இந்தியப் பெண்கள் அணி தாய்லாந்தை அதன் மண்ணிலேயே 2–1 என்று வென்று, முதன்முறையாகத் தகுதிச் சுற்றின் வழியே ஆசியக் கோப்பைக்குள் நுழைந்தது. கோடிகள் கொட்டிய இடத்தில் முடக்கம். கிள்ளிக் கொடுத்த இடத்தில் வெற்றி.

கிள்ளிக் கொடுத்தது எவ்வளவு? பெண்கள் லீக் அணிகள் குறைந்தது பத்து இந்திய வீராங்கனைகளுக்கேனும் ஆண்டுக்கு 3.2 லட்சம் ரூபாய் குறைந்தபட்ச ஊதியம் தர வேண்டும் என்று சம்மேளனம் 2023இல் அறிவித்தது. மாதத்திற்கு 26,700 ரூபாய்க்கும் குறைவு. பெங்களூருவில் களத்தைவிட்டு வெளியேறியதற்கு விதிக்கப்பட்ட 4 கோடி ரூபாய், இந்தக் கணக்கில் 125 வீராங்கனைகளின் ஓராண்டு ஊதியம். லீக்கில் ஆடும் எட்டு அணிகளிலும் பத்துப் பத்துப் பேருக்குக் கொடுத்தாலும் எண்பதே ஆகிறது. மேலும், களத்தில் இறங்குவோர் பதினொருவர். பதினொன்றாமவர் எதை உண்பார் என்று அறிவிப்பில் இல்லை.

ஊதியத்தோடு பாதுகாப்பும் சேர்ந்த கேள்வி இது. 2024 மார்ச்சில் கோவாவில், இரண்டாம் நிலைப் பெண்கள் லீக்கில் ஆட வந்த இரு வீராங்கனைகளைத் தாக்கியதாக எழுந்த புகாரில், சம்மேளனத்தின் செயற்குழு உறுப்பினர் ஒருவரே கைது செய்யப்பட்டார்.

ஆகவே வீராங்கனைகளைத் தொழிலாளர்களாக அங்கீகரிக்க வேண்டும். அணியில் பதிவாகும் அனைவருக்கும் பன்னிரண்டு மாத எழுத்துபூர்வ ஒப்பந்தம், வருங்கால வைப்பு நிதி, காயமுற்ற காலத்திலும் ஊதியம், மகப்பேறு விடுப்பு ஆகியவை வேண்டும். 2013ஆம் ஆண்டின் பணியிடப் பாலியல் துன்புறுத்தல் தடுப்புச் சட்டப்படி ஒவ்வோர் அணியிலும் புகார்க் குழு அமைய வேண்டும். ஆண்கள் அணி நடத்தும் ஒவ்வொரு பெருநிறுவனத்தின் உரிமமும் பெண்கள் அணியை நடத்துவதோடு பிணைக்கப்பட வேண்டும். ஆண்கள் அணிக்கு விதிக்கப்படும் அபராதத்தைக் காட்டிப் பெண்கள் அணியைக் கலைத்தால் அந்த உரிமம் ரத்தாக வேண்டும்.