பழகுவார்க்கு உரிய முதல் விமானம்

நம் கல்லூரி மாணவருள் சிலர் இவ்வாண்டில் ரேடியோவால் இயங்கும் சிறு விமானங்களில் ஊக்கங் கொண்டிருப்பதை, மாலை வேளையில் மைதானத்தின் பக்கமாக உலாவச் செல்லும் எவரும் அறிவர். பௌதிக வகுப்பிலே காற்றின் அழுத்தத்தைப் பற்றிக் கேட்குங்கால் உறங்கும் கண்கள், அதே காற்றின்மேல் ஒரு நுரைப்பலகைச் சிறகு எழும்புங்கால் விழித்துக்கொள்ளுகின்றன. இவ்வூக்கத்தை நாம் மனமார வரவேற்கின்றோம். எனினும், முதல் விமானமாக எதனை வாங்குவது என்னும் விஷயத்தில் நம் இளைஞர் செய்யும் பிழை பெரும்பாலும் ஒரே பிழையாக இருத்தலின், அதனைச் சுட்டாதிருத்தல் தகாது. அப்பிழைக்கு நாமும் ஒருமுறை உடந்தையாயிருந்தோம்.

சென்ற ஆண்டு மாணவர் ஒருவர், விடுமுறை தோறும் சிறுபிள்ளைகட்குப் பாடஞ்சொல்லிச் சேர்த்த பணத்தைக் கொண்டு, ஸ்பிட்பயர் என்னும் போர் விமானத்தின் சிற்றுருவம் ஒன்றை வாங்கி வந்தார். பச்சையும் பழுப்புமான மேனி. நீள்வட்டமாக நுனியில் ஒடுங்கும் சிறகு. பார்த்தவர் கண்ணை விட்டு அகலாத வடிவம். பழகுவார்க்கு இஃது ஏற்றதோ என்று வினவ வேண்டிய நாம், அழகிது அழகிது என்று மட்டும் சொல்லி நின்றோம். மறுநாட் காலையில் அது தரையைவிட்டு எழுந்தது. இடச்சிறகு சிறிது தாழ்ந்தது. அவர் பதறிக் கோலைத் தம் பக்கம் முற்றும் இழுத்தார். மூக்கு நிமிர்ந்தது, வேகங் குன்றியது, தாழ்ந்த சிறகு ஒரேயடியாகக் கவிழ்ந்தது. பத்து விநாடியும் ஆகவில்லை. பொறுக்கியவற்றை ஒரு துணிப்பையில் இட்டுக்கொண்டு சென்றவர் அதன்பின் மைதானத்துக்கு வந்திலர். பணம் போனது சிறிதன்று. ஆயினும், ‘எனக்கு இது வராது’ என்று அவர் தம்மைப் பற்றி முடிவு செய்துகொண்டது அதனினும் பெரிய நஷ்டம் என்பது எமது கருத்து.

அவர்பாற் குற்றமில்லை. உண்மையான ஸ்பிட்பயரை 1940-ஆம் ஆண்டில் ஓட்டிய இளைஞரையும் எடுத்த எடுப்பிலே ஒருவரும் அதில் ஏற்றிவிடவில்லை. அவர்களுள் மிகப் பலர் முதலில் டைகர் மாத் என்னும் இரட்டைச் சிறகு விமானத்திலே ஆசிரியரோடு கூடப் பறந்து, பின்னர் ஹார்வர்டு போன்ற இடைநிலை விமானத்திற் பயின்று, அதன் பின்னரே போர் விமானத்தை அடைந்தனர். உயிரைப் பணயம் வைத்த காலத்திலும் அவசரத்தில் அடங்காத அந்த ஒழுங்கை, அவசரமே இல்லாத நாம் ஏன் புறக்கணிக்க வேண்டும்? ரேடியோ விமானத்தின் சரித்திரமும் இதனையே காட்டும். 1937-ஆம் ஆண்டளவில் அமெரிக்காவின் கலமசூ நகரத்தில் வால்ட்டர் குட், வில்லியம் குட் என்னும் இரட்டைச் சகோதரர் பறக்கவிட்ட விமானம், எட்டடி அகலச் சிறகை உடலின் மேலே தாங்கிய, மெதுவாகச் செல்லும், அலங்காரமற்ற ஒன்று. ஒருவர் விமானத்திலும் மற்றவர் ரேடியோவிலும் கருத்துச் செலுத்தினர். அவ்விமானம் இன்று ஸ்மித்ஸோனியன் பொருட்காட்சியின் உடைமையாக உள்ளது.

இது நிற்க. நான்கு சானல் என்றால் என்ன என்பதை அறியாதார்க்குச் சிறிது கூறுவோம். ஒன்று மோட்டாரின் வேகம். மற்றொன்று வாலின் கிடைப்பலகையிலுள்ள எலிவேட்டர். அது மூக்கை உயர்த்தும், தாழ்த்தும். மூன்றாவது வாலின் நிமிர்பலகையிலுள்ள சுக்கான். அது படகின் சுக்கானைப் போலவே மூக்கை இடம் வலமாகத் திருப்பும். நான்காவது சிறகுகளின் பின்விளிம்பிலுள்ள எயிலரான். ஒருபுறத்து மடல் மேலேற மறுபுறத்து மடல் கீழிறங்கி விமானத்தைச் சாய்க்கும். எயிலரானின்றி முதல் மூன்று மட்டும் உடையவற்றை மூன்று சானல் விமானம் என்பர்.

முதலில் மூன்று சானல் விமானமே போதும் என்று வாதிப்பார் பலர் உளர். அவர் கூற்றில் நியாயமில்லாமல் இல்லை. அத்தகைய விமானத்தின் சிறகுகள் நுனி உயர்ந்து சிறிது மடிந்திருத்தலின், கோலை விட்டுவிட்டால் அது பெரும்பாலும் தானே நிமிர்ந்துகொள்ளும். கற்பிப்பார் எவருமின்றித் தனியே பழகப் புகுவார் அதனைத் தெரிந்துகொள்வாராயின் நாம் தடுக்கமாட்டோம். ஆனால் தானே நிமிரும் விமானம், நிமிர்த்தக் கற்பிப்பதில்லை. நான்கு சானல் விமானத்தைச் சாய்த்தால் அது பெரும்பாலும் சாய்ந்தபடியே நிற்கும்; நிமிர்த்துவது ஓட்டுவோன் கடமை. இக்கடமையை விரல்கள் முதல் வாரத்திலேயே உணர்ந்துகொள்ளுதல் நன்று. ஆதலின், அருகே அனுபவமுடையார் ஒருவர் இருப்பின், அல்லது கணினியிலே பழக்கும் சிமுலேட்டரிற் பத்துப் பதினைந்து மணிநேரமேனும் செலவிடும் பொறுமை இருப்பின், தொடக்கத்திலேயே நான்கு சானலைக் கைக்கொள்ளலாம் என்பது எமது துணிபு. சிமுலேட்டரில் நூறுமுறை வீழ்ந்தாலும் ஒரு காசு நஷ்டமில்லை.

அங்ஙனமாயின் எத்தகைய நான்கு சானல் விமானம்? சிறகு உடலின் மேலே பொருந்தியதாக இருத்தல் வேண்டும். அவ்வமைப்புக்கு ஓர் அமைதி உண்டு. நுனி சிறிது உயர்ந்திருப்பின் பின்னும் நலம். ஒருபுறம் தாழ்ந்து விமானம் அப்புறமாக வழுக்குங்கால், தாழ்ந்த சிறகு காற்றை அதிகக் கோணத்தில் எதிர்ப்பட்டுத் தானே உயர முயலும். சிறகின் குறுக்குவெட்டு தடித்து, அடிப்புறம் தட்டையாக இருப்பின் குறைந்த வேகத்திலும் தாங்கும். வேகங் குறைந்தால் சிந்திக்க நேரம் உண்டு. பழகுவான் விலைகொடுத்து வாங்குவது இந்நேரத்தையே. ஸ்பிட்பயரின் சிற்றுருவத்தில் இவற்றுள் பெரும்பாலன இல்லை. அதன் சிறகு கீழே உள்ளது, மெல்லியது, பாரத்துக்குச் சிறகின் பரப்புக் குறைவு, வேகங் குன்றினால் நுனி முன்னறிவிப்பின்றிக் கவிழும், சக்கரங்களோ நெருங்கியமைந்தவை, ஆதலின் தரையிலும் தள்ளாடும்.

அளவும் கருதத்தக்கது. சிறியது மலிவாயிற்றே என்று கையளவு விமானத்தை வாங்குவோர், சிறு காற்றும் அதனை அலைக்கழிப்பதையும், ஐம்பது கஜத்தில் அது புள்ளியாகி எப்பக்கம் திரும்பியுள்ளது என்பதே தெரியாமற் போவதையும் விரைவிற் காண்பர். சிறகு நுனியிலிருந்து நுனிவரை 1200 முதல் 1500 மில்லிமீட்டர் வரை இருத்தல் தகும். அப்ரென்டிஸ் என்று தன் தொழிலைப் பெயரிலேயே தாங்கிய விமானத்துக்கு 1500 மில்லிமீட்டர்ச் சிறகும் மூன்று சக்கரமும் உண்டு. பிக்ஸ்லர் என்பதற்கு 1400 மில்லிமீட்டர்ச் சிறகு, சக்கரமில்லை, கையால் எறிய வேண்டும். ஆனால் அதன் மோட்டார் சிறகுக்குப் பின்னே மேலே இருத்தலால், மூக்குக் குத்திய போதெல்லாம் புதிய பிரொப்பெல்லர் வாங்கும் செலவில்லை. புல்லும் கல்லுமான பொட்டலிற் பறப்பார்க்கு இது நன்று. பைப்பர் கப் என்னும் பழைய மஞ்சள் விமானத்தின் உருவத்தையும் சிலர் பரிந்துரைப்பர். பார்வைக்கு இனியதே. ஆயினும் எயிலரானால் வலப்புறம் சாய்க்கும்போது அதன் மூக்கு முதலில் இடப்புறம் இழுக்கும். தாழ்ந்த மடல் மிகுதியான தடையை உண்டாக்குதலே காரணம். சுக்கானையும் உடன் அசைத்தே அதனைத் திருத்தல் வேண்டும். வாற்சக்கரமுடைய அது தரையில் ஓடும்போதும் சுற்றிக்கொள்ள விரும்பும். அஃது இரண்டாம் விமானமாகுக.

வெண்ணிறத் தெர்மாகோலினும், மிருதுவாய் வளைந்து மீளும் இ.பி.ஓ. என்னும் நுரைப்பலகை சிறந்தது. முன்னதன்மேல் சாதாரண உடனடிப் பசையை இட்டால் கரைந்து குழியாகும். பின்னதை அதே பசையால் மைதானத்திலேயே ஒட்டி மீண்டும் பறக்கலாம். ஒட்டுக்கள் பெருகப் பெருக விமானத்தின் அழகு குறையும் என்று வருந்துவோர்க்கு யாம் சொல்லத்தக்கது யாதுமில்லை.

நம் இளைஞர் பலர் கருதாத ஒன்று டிரான்ஸ்மிட்டர். விமானங்கள் உடையும்; கையிலுள்ள டிரான்ஸ்மிட்டரோ பல்லாண்டு நிற்கும். பெட்டியோடு கூட வரும் விளையாட்டுக் கருவி அந்த ஒரு விமானத்துக்கே உதவுமாயின், அதனை மலிவென்று சொல்லற்க. ஆறு சானலேனும் உடையதாய், பல விமானங்களின் அமைப்பை நினைவிற் கொள்வதாய், ஆசிரியர் கருவியோடு இணைக்கத்தக்கதாய் ஒன்றை வாங்கிவிட்டு, மிச்சப் பணத்துக்கேற்ற எளிய விமானத்தைத் தேடுதலே முறை. முற்காலத்தில் ஒரே அலைவரிசையில் இருவர் கருவியைத் திறந்தால் ஒருவர் விமானம் வீழும், இக்காலத்து 2.4 கிகாஹெர்ட்ஸ் கருவிகளில் அவ்வச்சம் பெரிதும் நீங்கியது. மோட்டார்க் கோல் இடக்கையில் இருத்தல், வலக்கையில் இருத்தல் என இருவகை வழக்குண்டு. மைதானத்தில் உமக்குக் கற்பிப்பார் எதனைக் கைக்கொள்கின்றாரோ அதனையே கைக்கொள்க.

விமானத்தைத் தானே சமனிலைப்படுத்தும் ஜைரோ கருவிகள் இப்பொழுது பழகும் விமானங்களிலேயே அமைந்து வருகின்றன. சாய்வுக்கு ஓர் எல்லை வகுத்து, கோலை விட்டவுடன் நிமிர்த்திவிடும் ஏற்பாடு அது. பழைய அன்பர்கள் இதனை எள்ளுவர். நாம் எள்ளோம், அது முன்னே அந்த மாணவரின் விமானத்தில் இருந்திருப்பின் அவர் இன்று நம்மோடு நின்றிருப்பார். ஆனால் பத்துப் பதினைந்து தடவை நலமே இறங்கிய பின்னர், உயரத்தில் இருக்கும்போது, அதனைச் சிறிது சிறிதாக நீக்கிப் பழகுதல் வேண்டும். ஏனெனில், விமானம் நம்மை நோக்கி வருங்கால் இடம் வலம் மாறித் தோன்றும் மயக்கத்தை எக்கருவியும் நம் மனத்தினின்று நீக்காது. இதற்கு எளிய உபாயம் ஒன்றுண்டு: எதிரே வரும் விமானத்தின் எந்தச் சிறகு தாழக் காண்கின்றீரோ, அப்பக்கமாகவே எயிலரான் கோலைச் சாய்த்தால் அது நிமிரும்.

பாட்டரியைப் பற்றிச் சுருங்கச் சொல்வோம். மூன்று செல் லித்தியம் பாலிமர் பாட்டரி வழக்கமானது. நிறைந்தபோது ஒவ்வொரு செல்லும் 4.2 வோல்ட். ஆட்டம் முடிந்து அடுக்கிவைக்கும்போது 3.8 வோல்ட் அளவில் வைக்க. விடுதி அறையிலே மின்னேற்ற வைத்துவிட்டு உணவுக்குச் செல்வோர், பிறர் உயிரோடும் விளையாடுகின்றனர். எறியுமுன் எடையின் நடுநிலையைச் சோதிக்க. மூக்குப்பக்கம் சிறிது கனத்தால் விமானம் சோம்பிப் பறக்கும், வாற்பக்கம் கனத்தால் கையில் அடங்காது. ஒவ்வொரு மடலும் உரிய திசையில் அசைகின்றதா என்று ஒவ்வொரு நாளும் பார்க்க.

காலை வேளையே ஏற்றது. கடற்காற்று எழுவதற்கு முன் கருவிகளை மூட்டை கட்டிவிட வேண்டும். அம்மியையும் அசைக்கும் ஆடிக்காற்றில் சிமுலேட்டரே துணை. 2021-ஆம் ஆண்டில் இந்திய அரசு வகுத்த டிரோன் விதிகளின்கீழ் நம் விமானங்களும் அடங்கும். இடம் பச்சை மண்டலத்தில் உள்ளதா என்று வரைபடத்திற் பார்த்த பின்னரே பறத்தல் வேண்டும். அங்கும் 400 அடியே எல்லை. பழகுவார்க்கு அதிற் பாதியும் வேண்டியதில்லை. மைதானத்தில் பந்தாடுவோர் இருக்கும்போது ஒருவரும் பறக்கவிடலாகாது. சுழலும் பிரொப்பெல்லர் விரலையும் கண்ணையும் அறியாது.

இனி ஆசிரியர்களை நோக்கி ஒன்று. ஒவ்வொரு மாணவரும் தத்தம் பணத்தில் ஒவ்வொரு விமானத்தை வாங்கி உடைப்பதினும், விஞ்ஞானச் சங்கத்தின் பேரால் மேற்சிறகு விமானம் ஒன்றும், தம்முள் இணைந்த இரண்டு டிரான்ஸ்மிட்டர்களும் கல்லூரியே வாங்கி வைக்கலாகாதா? அவ்விணைப்பில், ஆசிரியர் ஒரு விசையை அழுத்தியிருக்கும் வரை ஆட்சி மாணவர் கையில். விமானம் தடுமாறுங்கால் அவர் விசையை விட, அக்கணமே ஆட்சி அவர் கைக்கு மீளும். பள்ளத்தில் விழுமுன் கையைப் பிடிக்கும் தமையனைப் போன்றது அது. இருபது பேர் ஒரே விமானத்திற் பழகலாம். தமக்கெனப் பணஞ்சேர்க்க இயலாத மாணவர்க்கும் அப்பொழுது இடமுண்டு. கிரிக்கெட்டு மட்டைகட்குச் செலவிடும் தொகையிற் சிறிது இதற்கு ஒதுக்கினால் ஆட்டக்காரர் நம்மைக் கோபிக்கலாம், கோபிக்கட்டும்.

அந்த மாணவரின் துணிப்பை இன்றும் விடுதியில் அவர் கட்டிலின் கீழே கிடக்கின்றது. சென்ற மாதம் அவரை வற்புறுத்தித் திறக்கச் செய்தோம். சர்வோக்கள் நான்கும் அசைகின்றன, ரிசீவர் பழுதில்லை, மோட்டாரின் தண்டு மட்டும் வளைந்துள்ளது. விளம்பரப் பலகைக்குப் பயன்படும் உள்ளீடற்ற பிளாஸ்டிக் அட்டையால் மேற்சிறகு உடல் ஒன்று செய்து அவற்றை அதிற் பொருத்தித் தருவதாகச் சொல்லியிருக்கின்றோம். அட்டை வாங்கியாயிற்று. அவர் இன்னும் விடை கூறவில்லை. ஆனால் நேற்றைக்கு, சிறகின் அகலம் எவ்வளவு வைப்பதாக உத்தேசம் என்று மட்டும் கேட்டார்.