பன்னிரண்டாவது ஆட்டக்காரர்



சிங்கப்பூருக்குப் போகிறவர்கள் தேக்காவில் சேலை எடுத்து, சிராங்கூன் சாலைப் பெருமாள் கோயிலில் கும்பிட்டுவிட்டு பஸ் ஏறிவிடுகிறீர்கள். அந்தக் கோயிலிலிருந்து நடந்தே போகக்கூடிய தூரத்தில் ஜாலான் புசார் விளையாட்டரங்கம் இருக்கிறது. 1929-இல் திறந்தது. ஏறக்குறைய 6,000 பேர் உட்காரலாம். இந்த மாதம் அங்கே வாழ்ந்து மறைந்த ஒரு காற்பந்துக் குழுவின் கதையைச் சொல்கிறேன்.

மலேசியக் கிண்ணம் என்றால் தோட்டத்துப் பெரியவர்களுக்குச் சொல்லித் தரவேண்டியதில்லை. ரேடியோவைச் சுற்றி லயமே கூடிய காலம் அது. 1921-இல் நடந்த முதல் போட்டியிலேயே கிண்ணத்தை வென்றது சிங்கப்பூர். கடைசியாக 1994-இல், பாகாங்கை 4–0 என்று தோற்கடித்தது. அது 24-ஆவது வெற்றி. அதோடு உறவு முறிந்தது. நுழைவுச்சீட்டு வசூலைப் பங்கிடுவதில் பிணக்கு, போதாததற்கு ஆட்டத்தை விலைபேசிய ஊழல். சிங்கப்பூர் விலகி, 1996-இல் எஸ்.லீக் என்ற சொந்தப் போட்டியைத் தொடங்கியது. ஆனால் பழைய கூட்டம் வரவில்லை. ஜோகூரையும் சிலாங்கூரையும் எதிர்த்து ஆடுகிற சூடு உள்ளூர் ஆட்டத்தில் வருமா?

பதினேழு ஆண்டுகள் கழித்து இரு சங்கங்களும் சமாதானமாயின. 2011-இல் பிறந்தது லயன்ஸ் டுவெல்வ் என்ற புதுக்குழு. பெயரில் ஏன் பன்னிரண்டு? திடலில் பதினொருவர், பன்னிரண்டாவது ஆள் ரசிகர். பயிற்றுநராக வந்தவர் நம்மவர், வி. சுந்தரமூர்த்தி. சுவிட்சர்லாந்தின் பாசல் குழுவுக்கும், நம் கெடாவுக்கும் ஆடியவர். 1993-இல் புருணைக்கு எதிராக அந்தரத்தில் மல்லாந்து அவர் அடித்த கோலை இன்னும் பேசுகிறார்கள்.

2012-இல் மலேசிய சூப்பர் லீக்கில் இரண்டாம் இடம். அடுத்த ஆண்டு கேப்டன் ஷாரில் இஷாக், தற்காப்பாளர் பைஹாக்கி கைசான் இருவரும் ஜோகூருக்குப் போய்விட்டார்கள். மிஞ்சியவர்கள் பெரும்பாலும் இளம்பிள்ளைகள். இனித் தேறாது என்றுதான் பலரும் நினைத்திருப்பார்கள். சுந்தரமூர்த்தியோ முதலில் கோல் விடாதே என்று தற்காப்பை இறுக்கிக் கட்டினார். பார்க்க அழகில்லை என்று குறை சொன்னவர்களும் உண்டு. அப்படி ஒரு கோல் அடித்தவர் இப்படி ஆடவைத்தது எனக்கும் வேடிக்கைதான்! ஆனால் 2013 ஜூலை 2-ஆம் நாள், அதே ஜாலான் புசாரில், பெல்டா யுனைடெட்டை 4–0 என்று வென்று லீக் பட்டத்தைத் தட்டிச் சென்றார்கள்.

பிறகு ஃபண்டி அகமது பொறுப்பேற்றார். 2015 மே மாதம் புக்கிட் ஜாலிலில், கிளந்தானை 3–1 என்று வென்று எஃப்.ஏ. கிண்ணமும் கிடைத்தது.

ஏறக்குறைய ஆறு மாதம்தான் ஆகியிருந்தது. நவம்பரில், ஒப்பந்தத்தைப் புதுப்பிக்கப் போவதில்லை என்று மலேசியக் காற்பந்துச் சங்கம் அறிவித்தது. கிண்ணம் வென்ற குழு ஆண்டு முடிவில் கலைந்தது. அடுத்த ஆண்டுக்கு வேலை உண்டா என்று ஆட்டக்காரர்கள் தேட வேண்டியதாயிற்று, பலரை எஸ்.லீக் குழுக்கள் சேர்த்துக்கொண்டன. தோட்டம் கைமாறியபோது லயத்தைக் காலி செய்தவர்களுக்கு அந்த நிலைமை புரியும். கலைப்பதற்கு முன் பன்னிரண்டாவது ஆளை யார் கேட்டார்கள்?

சுந்தரமூர்த்தி 2016-இல் சிங்கப்பூர் தேசியக் குழுவுக்கே பயிற்றுநரானார். அரங்கம் அங்கேயேதான் இருக்கிறது. அடுத்த முறை தேக்கா போனால், பஸ்ஸுக்கு நேரமிருந்தால், பிள்ளைகளை அழைத்துப்போய்க் காட்டுங்கள்.