பில்லில் நம்பரைக் கேளுங்கள்!

மும்பையில் டாக்சி ஓட்டும் நம்மவர்களும், கடன் போட்டுப் பழைய கார் வாங்கும் குமாஸ்தாக்களும் மெக்கானிக் கடையில் ஒரு வார்த்தையைக் கேட்டு வாயடைத்துப் போகிறார்கள். "நான் சொல்லவில்லை, கம்ப்யூட்டர் சொல்கிறது" என்பதே அது.

நானும் அப்படி வாயடைத்துப் போனவன்தான். என்னுடையது 2011-ம் ஆண்டுப் பெட்ரோல் கார், செகண்ட் ஹேண்டில் வாங்கியது. ஒரு நாள் மஞ்சள் நிற என்ஜின் விளக்கு எரிந்தது. கடைக்காரர் ஸ்டியரிங்குக்குக் கீழே கையடக்கக் கருவி ஒன்றைச் செருகினார். "ஆக்சிஜன் சென்சார் போய்விட்டது" என்றார். 4,000 ரூபாய் கொடுத்து மாற்றினேன். ஐந்தாம் நாள் சயான் அருகே விளக்கு மறுபடியும் எரிந்தது.

பிறகு தாராவியில் கடை வைத்திருக்கும் திருநெல்வேலிக்காரப் பெரியவர் ஒருவரிடம் போனேன். அவரும் அதே மாதிரிக் கருவியைத்தான் செருகினார். ஆனால் திரையை என் பக்கம் திருப்பி, "இந்த நம்பரை எழுதி வச்சிக்கிடுங்க தம்பி" என்றார். பி0171. என்ஜினுக்குப் போகும் கலவையில் காற்று மிகுதி, பெட்ரோல் குறைவு என்பது அதன் பொருள். அதைக் கண்டு சொன்னதே ஆக்சிஜன் சென்சார்தான்! திருடன் வருகிறான் என்று குரல் கொடுத்த காவல்காரனையே வேலையை விட்டு நீக்கியிருக்கிறோம். பெரியவர் பானெட்டைத் திறந்து ரப்பர் குழாய்களை ஒவ்வொன்றாக வளைத்துப் பார்த்தார். ஒன்று அடிப்பக்கத்தில் வெடித்திருந்தது. அந்த வழியாகக் காற்று உள்ளே போய்க் கொண்டிருந்தது. குழாயின் விலை 120 ரூபாய்.

கருவியின் மீது குற்றமில்லை. எந்தப் பக்கத்தில் கோளாறு என்று அது காட்டும். எந்தப் பாகத்தை மாற்றுவது என்பதை மனிதன்தான் சோதித்து முடிவு செய்ய வேண்டும். அந்த வேலைக்குச் சோம்பல்பட்டுக் கொண்டு கம்ப்யூட்டர் மீது பழியைப் போடுகிறார்கள்.

மும்பை, சென்னை உள்பட 13 நகரங்களில் 2010 ஏப்ரலில் பாரத் ஸ்டேஜ் 4 விதி வந்தபோதுதான், புதிய கார் தன் குறையைத் தானே குறித்து வைக்கும் ஏற்பாடு கட்டாயமாயிற்று. அதற்கு முந்திய வண்டியில் சாக்கெட் இருந்தாலும் சாதாரணக் கருவிக்கு அது பதில் சொல்லும் என்பது நிச்சயமில்லை. கார்புரேட்டர் வண்டியிலோ பதில் சொல்ல ஆளே கிடையாது. அதற்கும் 'ஸ்கேனிங்' என்று 500 ரூபாய் பில் போட்ட கடையை நான் அறிவேன்.

இன்னொரு தந்திரமும் உண்டு. கோளாறைச் சரி செய்யாமல் நம்பரை மட்டும் அழித்து விளக்கை அணைத்து விடுவார்கள். கோளாறு வந்த நேரத்தில் என்ஜினின் சூடும் வேகமும் என்ன என்ற குறிப்பும் அதோடு அழிந்து போகும். பழைய கார் வாங்குகிறவர்கள் சாவியைத் திருப்பியதும் அந்த மஞ்சள் விளக்கைப் பாருங்கள். ஸ்டார்ட் செய்யும் முன் அது எரிய வேண்டும். எரியாவிட்டால் பல்பையே பிடுங்கியிருக்கலாம்.

கடைக்காரர் பில்லில் அந்த நம்பரையும் எழுதித் தர வேண்டும் என்பது என் கருத்து. இந்தி சரளமாக வராதே என்ற கூச்சம் வேண்டாம். திரையைக் காட்டச் சொல்ல விரலை நீட்டினால் போதும். கழற்றிய பாகத்தையும் கையோடு வாங்கி வாருங்கள். என் பழைய சென்சாரை நான் கேட்காமலே வந்துவிட்டேன். அது இப்போது யார் வண்டியில் ஓடிக்கொண்டிருக்கிறதோ!